நங்கூரம் போட்டாச்சு, இனி கரைக்கு: கிழக்குக் கரீபியனில் படகுவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

கிரெனடாவில் தொடங்கி செயின்ட் வின்சென்ட், செயின்ட் லூசியா, மார்ட்டினிக், டொமினிக்கா, குவாதலூப் என்று வடக்கே நீளும் தீவு வரிசை, பாய்மரப் படகில் குடியிருந்து ஊர் சுற்ற நினைப்பவர்கள் தொடங்குவதற்கு நல்ல இடம். தெளிவான நாளில் ஒரு தீவில் நின்றால் அடுத்த தீவு கண்ணுக்குத் தெரியும். இடையில் இருபது முப்பது கடல் மைல்தான். காலையில் பாய் ஏற்றினால் பிற்பகலில் அடுத்த ஊரில் நங்கூரம் போட்டுவிடலாம். வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து வீசுவதால் நங்கூரமிடும் விரிகுடாக்கள் பெரும்பாலும் மேற்குக் கரையில், மலை மறைவில் இருக்கும். டிசம்பரிலிருந்து மே வரை வாருங்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். புதியவர்களுக்கு அது வேண்டாம்.

படகு ஓட்டத் தெரிந்தவர்கள்கூட இங்கே கரையேறும்போது தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். கரையில் அந்த நாள் நன்றாகப் போகுமா என்பது படகில் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. நங்கூரம் பிடித்திருக்கிறது, டிங்கி (படகிலிருந்து கரைக்குப் போய்வரும் சிறு படகு) பத்திரமாக இருக்கிறது, இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்ற நிச்சயம் இருந்தால் எந்த மலையையும் ஏறலாம். அது இல்லாதவர் அருவிக்கு முன்னால் நின்றுகொண்டு படகைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பார். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, கரையில் கால் வைப்பதற்கு முந்தைய வேலைகளைப் பற்றியது.

1. முதலில் தாள் வேலை

ஒவ்வொரு தீவும் தனி நாடு, அல்லது பிரான்ஸின் ஒரு பகுதி. புதிய நாட்டுக்குள் நுழைந்ததும் மஞ்சள் கொடியை ஏற்றுங்கள். ஆங்கிலம் பேசும் தீவுகளில் கேப்டன் மட்டும் கரைக்குப் போவார். எல்லோருடைய பாஸ்போர்ட், படகின் பதிவுச் சான்று, கடைசியாக விட்ட துறைமுகத்தின் வெளியேற்றச் சான்று ஆகியவை அவர் கையில் இருக்க வேண்டும். அவர் முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பும்வரை மற்றவர்கள் படகிலேயே இருக்க வேண்டும். குளித்துவிட்டு, காலர் வைத்த சட்டை போட்டுக்கொண்டு போங்கள். நீச்சல் கால்சட்டையோடு சுங்க அலுவலகத்தில் நிற்பவருக்கு வேலை மெதுவாகத்தான் நடக்கும். அதில் நியாயமும் இருக்கிறது. பல தீவுகளில் செயில்கிளியர் என்ற இணையதளத்தில் விவரங்களை முன்பே நிரப்பிவிடலாம். அப்படிச் செய்தால் அலுவலகத்தில் நிற்கும் நேரம் குறையும்.

மார்ட்டினிக்கிலும் குவாதலூப்பிலும் கதையே வேறு. பல ஊர்களில் ஒரு கடையிலோ உணவகத்திலோ சுங்கத் துறையின் கணினி இருக்கும். நீங்களே விவரங்களைத் தட்டி, அச்செடுத்து, கடைக்காரரிடம் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு சில யூரோ கொடுத்தால் முடிந்தது. பிரெஞ்சு விசைப்பலகையில் எழுத்துகள் இடம் மாறியிருக்கும் என்பதால், உங்கள் பெயர் தவறாக அச்சாகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கவனிக்க: இந்த இரண்டு தீவுகளும் பிரான்ஸின் பகுதிகள்தான், ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. கையில் ஷெங்கன் விசா இருந்தாலே போதும் என்று நம்பி வராதீர்கள். பிரெஞ்சுத் தூதரகத்தில் இந்தத் தீவுகளின் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மற்ற தீவுகளுக்கும் விதிமுறைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அப்புறம், டொமினிக்கா வேறு, டொமினிக்கன் குடியரசு வேறு. விசா தேடும்போது பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

2. நங்கூரத்தை நம்பும்வரை தூரம் போகாதீர்கள்

வந்து சேர்ந்த அன்றே மலையேறக் கிளம்பாதீர்கள். ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது சங்கிலி விடுங்கள். ஆழத்தைக் கணக்கிடும்போது தண்ணீருக்கு மேல் படகின் முன்முனை நிற்கும் உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி இழுத்துப் பாருங்கள். இங்கே தண்ணீர் கண்ணாடியாக இருக்கும். முகமூடி போட்டுக்கொண்டு நங்கூரத்துக்கு மேலே நீந்திப் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை இல்லை. மணலில் புதைந்திருந்தால் நிம்மதி. கடல்புல்லின் மேல் சாய்ந்து கிடந்தால் தூக்கி மறுபடி போடுங்கள். கரையில் இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் பிடித்து வைத்துக்கொண்டு, ஒரு மதியம் முழுக்கப் படகிலேயே இருந்து பாருங்கள். மலையிலிருந்து இறங்கும் காற்று திடீர் திடீரென்று அடித்துப் படகைச் சுழற்றும். அதையும் தாங்குகிறதா என்று தெரிய வேண்டும்.

எல்லா இடத்திலும் நங்கூரம் போட முடியாது. டொமினிக்காவின் தலைநகர் ரோசோவுக்கு முன்னால் கடல் சட்டென்று ஆழமாகிவிடும். அங்கே கடலடியில் நிலையாகப் பிணைத்த மூரிங் மிதவையில் கட்டுவதுதான் வழக்கம். அதே தீவின் வடக்கே போர்ட்ஸ்மவுத்தில் பேஸ் என்ற சுருக்கப் பெயரில் உள்ளூர் வழிகாட்டிகளின் படகுப் பாதுகாப்புச் சங்கம் இருக்கிறது. மிதவைகளைப் பராமரிக்கிறார்கள், இரவில் ரோந்தும் போகிறார்கள். கரையில் நீண்ட நாள் பயணம் வைத்திருப்பவர்கள் அங்கே மிதவைக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போவது நல்ல செலவு.

குளிர்காலத்தில் இன்னொரு விஷயம். வட அட்லாண்டிக்கில் எங்கோ அடிக்கும் புயலின் பேரலைகள் பல நாள் கழித்து இங்கே வந்து சேரும். அவை தீவைச் சுற்றி வளைந்து மேற்குக் கரைக்கும் வந்துவிடும். காற்றே இல்லாத நாளிலும் ஜெட்டியில் (சிறு படகுத்துறையில்) டிங்கி கட்ட முடியாது. வானிலை அறிக்கையில் காற்றோடு வடக்கு அலையையும் பார்க்கப் பழகுங்கள்.

3. டிங்கி

டிங்கிதான் உங்கள் ஸ்கூட்டர். படகைவிட அதில்தான் அதிக விபத்துகள் நடக்கின்றன.

ஏறியதும் எஞ்சினின் கில் கயிற்றை மணிக்கட்டிலோ காலிலோ மாட்டுங்கள். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். அது மாட்டப்படாவிட்டால் ஆளில்லாத டிங்கி வட்டமடித்துக்கொண்டு விழுந்தவர் மேலேயே வரும். துடுப்பு இரண்டும், சிறிய நங்கூரம் ஒன்றும் எப்போதும் உள்ளேயே இருக்கட்டும். இங்கே காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. எஞ்சின் நின்றால் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அடுத்த கரை மத்திய அமெரிக்கா.

ஜெட்டியில் கட்டும்போது கயிற்றை நீளமாக விடுங்கள். பின்னால் வருபவர்களும் இடுக்கில் நுழைந்து இறங்க வேண்டுமே. குட்டையாகக் கட்டி வழியை அடைப்பவர்களை ஊரே திட்டும். அலை இருந்தால் டிங்கி ஜெட்டியின் அடியில் போய்ச் சிக்கி, மேலே தூக்கும்போது நசுங்கும். அந்த மாதிரி இடங்களில் பின்பக்கம் சிறிய நங்கூரத்தைப் போட்டு விலக்கி நிறுத்துங்கள். கட்டும் கயிறு தனி, பூட்டும் எஃகுக் கம்பி தனி. கம்பி எஞ்சினையும் பெட்ரோல் தொட்டியையும் சேர்த்துக் கோர்க்கும் அளவு நீளமாக இருக்கட்டும். இரவில் டிங்கியைத் தண்ணீரில் விடாமல் படகின் பக்கவாட்டில் தூக்கிக் கட்டிவிடுங்கள். பலர் தங்கள் படகின் பெயரை டிங்கியின் மேல் பெரிதாக எழுதி வைக்கிறார்கள். ஜெட்டியில் அந்த டிங்கியைப் பார்ப்பவருக்கு எந்தப் படகு இப்போது காலியாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த உதவியை எதற்குச் செய்ய வேண்டும்?

ஜெட்டி இல்லாத கடற்கரையில் இறங்குவது வேறு கலை. அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் கவனியுங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வந்துவிட்டுக் கொஞ்சம் இடைவெளி விடும். அந்த இடைவெளியில் நேராக உள்ளே ஓட்டி, தரை தட்டும் முன் எஞ்சினை நிறுத்தித் தூக்கிவிட்டு, குதித்து இழுங்கள். டிங்கிக்கும் கரைக்கும் நடுவில் மட்டும் நிற்காதீர்கள். அடுத்த அலை டிங்கியைத் தூக்கி உங்கள் மேல் போடும். அலை சரியில்லை என்றால் அன்றைக்குக் கரை வேண்டாம் என்று திரும்பிவிடுவதில் எந்த அவமானமும் இல்லை.

நீங்கள் டிங்கியை இறக்குவதற்கு முன்பே உள்ளூர்க்காரர்கள் தங்கள் படகில் உங்களிடம் வந்துவிடுவார்கள். படகுப் பையன்கள் என்று பெயர், ஆனால் பலர் நடுத்தர வயதுக்காரர்கள். மிதவைக்குக் கயிறு மாட்ட, பழம் விற்க, சுற்றிக் காட்ட என்று கேட்பார்கள். பெயரைக் கேளுங்கள், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரோடு பேசி முடித்தால் அடுத்து வருபவரிடம் அந்தப் பெயரைச் சொன்னாலே போதும், விலகிவிடுவார். வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டே தெளிவாகச் சொல்லுங்கள். விலை பேசும்போது எந்த டாலர் என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள். 1976 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 கிழக்குக் கரீபிய டாலர் என்று நிலையாக வைத்திருக்கிறார்கள். "ஐம்பது" என்ற ஒரு சொல்லில் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது பாருங்கள்.

4. பையில் என்ன, உடம்பில் என்ன

தண்ணீர் புகாத பை ஒன்று. அதில் பாஸ்போர்ட் நகல், சிறிய நோட்டுகளாகப் பணம், குடிநீர், மழைச் சட்டை, தலையில் மாட்டும் டார்ச், கையடக்க விஎச்எஃப் ரேடியோ. ஈரமாக இறங்க ஒரு செருப்பு, நடக்க ஒரு ஷூ. காலையில் கிளம்பினாலும் டார்ச்சை விடாதீர்கள். இங்கே ஆறு மணிவாக்கில் சூரியன் விழுந்ததும் அந்தி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, உடனே இருட்டுதான். அதே காரணத்துக்காகப் படகின் நங்கூர விளக்கையும் கிளம்பும்போதே போட்டுவிட்டு வாருங்கள்.

ராணுவப் பாணிப் புள்ளி போட்ட உடை வேண்டாம். டொமினிக்கா, செயின்ட் லூசியா, கிரெனடா உட்படப் பல தீவுகளில் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம். குழந்தையின் தொப்பியாக இருந்தாலும் படகிலேயே இருக்கட்டும்.

கடற்கரையில் நிழல் தேடும்போது மான்சினீல் மரத்தை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி காய்க்கும். காய் கடும் விஷம். பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழைக்கு அதன் கீழே ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் தண்ணீரே போதும். பிரெஞ்சுத் தீவுகளில் மரத்தைச் சுற்றிச் சிவப்புப் பட்டை அடித்து வைத்திருப்பார்கள், மற்ற இடங்களில் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். செயின்ட் லூசியா, மார்ட்டினிக் காடுகளில் கொடிய விரியன் வகை உண்டு, அதனால் புதருக்குள் கால் வைக்காமல் பாதையிலேயே நடங்கள். டொமினிக்காவில் விஷப் பாம்பே இல்லை.

5. முதல் நாள்: ஊருக்குள் ஒரு நடை, அவ்வளவுதான்

முதல் நாளைப் பார்வையிடலுக்கு ஒதுக்காதீர்கள். குப்பை எங்கே போடுவது, சிம் கார்டு எங்கே, ரொட்டிக்கடை எத்தனை மணிக்குத் திறக்கும், பேருந்து எங்கிருந்து கிளம்பும், கடைசி வண்டி எப்போது, சந்தை எந்தக் கிழமை. இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நடந்தால் ஊர் தானாகப் புரியும். சனிக்கிழமை காலைச் சந்தைதான் பல ஊர்களில் பெரியது. பிரெஞ்சுத் தீவுகளில் மதியம் 12 மணிக்குக் கடைகள் மூடிவிடும், இரண்டு மணி நேரம் கழித்துத்தான் மறுபடி திறப்பார்கள். ஞாயிறு எல்லாத் தீவிலும் உறக்கம்.

எதைக் கேட்பதற்கு முன்பும் வணக்கம் சொல்லுங்கள். கடைக்குள் நுழைந்ததும், பேருந்தில் ஏறியதும், வழியில் எதிரே வருபவரிடமும் "குட் மார்னிங்". பிரெஞ்சுத் தீவுகளில் "போன்ஜூர்". நேராக "இது எவ்வளவு?" என்று தொடங்குவதை இங்கே முரட்டுத்தனமாக எடுத்துக்கொள்வார்கள். நம்மூரில் தெரியாதவருக்கு வணக்கம் சொல்லிப் பழக்கமில்லாததால் முதலில் கூச்சமாக இருக்கும். ஆனால் வேறு எந்தத் தயாரிப்பையும்விட இதுதான் கதவுகளைத் திறக்கிறது.

6. பேருந்து, கார், கால்

மினிபஸ்தான் இங்கே மலிவான வாகனம். கிரெனடாவில் வழித்தட எண் வண்டியின் முகப்பில் இருக்கும். இறங்க வேண்டுமானால் வண்டியின் உள்பக்கத்தைக் கையால் தட்டுங்கள். செயின்ட் லூசியாவில் எம் எழுத்தில் தொடங்கும் நம்பர் பிளேட்டைத் தேடுங்கள். அட்டவணை என்று எதுவும் கிடையாது, வண்டி நிறைந்தால் கிளம்பும். மாலையில் சட்டென்று குறைந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை கிட்டத்தட்ட இருக்காது.

என் யோசனை: காலையில் பேருந்தில் தூரமான முனைக்குப் போய்விட்டு, டிங்கி இருக்கும் பக்கம் நடந்தே திரும்புங்கள். அப்படிச் செய்தால் கடைசி வண்டியைப் பற்றிய கவலையே இல்லை. டொமினிக்காவில் இதற்கென்றே செய்ததுபோல் ஒரு பாதை இருக்கிறது. தீவின் தெற்கிலிருந்து வடக்கு வரை 14 பகுதிகளாக, சுமார் 185 கிலோமீட்டர் நீளும் வைடுகுபுலி தேசிய நடைபாதை அது. அதன் கடைசிப் பகுதி வடமுனைக் கிராமமான கப்புச்சினில் தொடங்கி, போர்ட்ஸ்மவுத் விரிகுடாவை ஒட்டிய காப்ரிட்ஸ் தேசியப் பூங்காவில் முடிகிறது. கடைசி வளைவில் உங்கள் படகு நிற்பது மேலிருந்தே தெரியும்.

வாடகைக் கார் எடுப்பதானால் இரண்டு மூன்று படகுக்காரர்கள் சேர்ந்து எடுங்கள். பிரெஞ்சுத் தீவுகளில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், மற்றவற்றில் நம்மூர் மாதிரி இடப்பக்கம். டொமினிக்கா, செயின்ட் லூசியா, கிரெனடாவில் தற்காலிக உள்ளூர் உரிமம் வாங்க வேண்டும். பெரும்பாலும் கார் தருபவர்களே வாங்கித் தருவார்கள். மார்ட்டினிக்கில் கார் எடுக்கப் படகுகள் குவியும் லெ மாரின் எளிது.

7. தொடங்குவதற்குச் சில பயணங்கள்

எளிதானது: போர்ட்ஸ்மவுத்தின் இந்தியன் ரிவர். இந்த ஆற்றில் எஞ்சின் ஓட்டக் கூடாது. வழிகாட்டி துடுப்புப் போட்டு அழைத்துப் போவார். இருபுறமும் சதுப்பு மரங்களின் வேர்கள் பலகை பலகையாகத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். விடிகாலையில் போங்கள், பறவைச் சத்தம் அப்போதுதான். திரும்பி வந்து மதியம் காப்ரிட்ஸில் உள்ள ஷெர்லி கோட்டைக்கு ஏறலாம். 1802-ல் இங்கே இருந்த கறுப்பினப் படைவீரர்கள், தங்களை அடிமை வேலைக்கு இறக்கிவிடுவார்கள் என்று அஞ்சி பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். கோட்டையின் மதிலில் நின்று பார்த்தால் விரிகுடா முழுவதும் பீரங்கி எல்லைக்குள் இருப்பது புரியும்.

கடினமானது: டொமினிக்காவின் கொதிக்கும் ஏரி. லோடா கிராமத்திலிருந்து போய்வர ஆறேழு மணி நேரமாகும். கந்தகம் புகையும் பாழ்வெளியைக் கடந்து போக வேண்டும். பாதை வழுக்கும், ஆறு குறுக்கிடும். வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். இதற்குப் போர்ட்ஸ்மவுத்திலிருந்து கிளம்புவதைவிடப் படகை ரோசோவின் மிதவைக்குக் கொண்டுவந்து, முந்தைய நாளே வண்டி பேசி, விடியும் முன் டிங்கியில் ஏறுவது புத்திசாலித்தனம்.

மார்ட்டினிக்கின் சான் பியேரில் நங்கூரம் போட ஆழம் குறைந்த மேடை கரையை ஒட்டிக் குறுகலாகத்தான் இருக்கிறது. சீக்கிரம் வந்து இடம் பிடியுங்கள். 1902 மே 8-ஆம் தேதி காலை பெலே எரிமலை வெடித்து, சில நிமிடங்களில் இந்த ஊரின் ஏறக்குறைய 28,000 பேரைக் கொன்றது. துறையில் நின்ற கப்பல்களும் எரிந்து மூழ்கின. அவற்றின் சிதைவுகள் உங்கள் படகுக்கு வெகு தூரத்தில் இல்லை. ஜெட்டியிலிருந்து நடந்தே நாடக அரங்கின் இடிபாடுகளையும், தடித்த சுவர் காப்பாற்றிய சிபாரிஸ் என்ற கைதி அடைபட்டிருந்த கல் அறையையும் பார்த்துவிடலாம்.

கார் இருந்தால் அங்கிருந்து மலையைச் சுற்றி வடக்கே பாஸ் புவான்த்துக்குப் போங்கள். 1853 முதல் பாண்டிச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றி வந்தவர்களின் வழிவந்தோர் இந்தப் பக்கம் அதிகம். மாரியம்மனுக்கும் மதுரை வீரனுக்கும் இங்கே வழிபாடு தொடர்கிறது. தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது, ஆனால் பூசைத் தட்டில் நமக்குப் புரியாதது எதுவும் இருக்காது. கோயில் எப்போதும் திறந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் யாரிடமாவது கேட்டுவிட்டு உள்ளே போங்கள், படம் எடுப்பதற்கும் கேளுங்கள்.

8. திரும்பும்போது

சந்தையில் வாங்கியதை அட்டைப் பெட்டியோடு படகில் ஏற்றாதீர்கள். அட்டையின் மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும். பெட்டியை ஜெட்டியிலேயே பிரித்துப் போட்டுவிட்டுப் பொருளைத் துணிப்பையில் மாற்றுங்கள். வாழைத்தாரைக் கடல் தண்ணீரில் முக்கி எடுத்த பிறகே உள்ளே கொண்டுபோங்கள். டிங்கியில் கனமானது நடுவில், தரையோடு. முட்டை மடியில். இருட்டிவிட்டால் மெதுவாக ஓட்டுங்கள், வெள்ளை விளக்கு ஒன்று தெரியும்படி பிடித்துக்கொள்ளுங்கள். மிதவைக் கயிறுகளும் விளக்குப் போடாத படகுகளும் கடைசி நேரத்தில்தான் கண்ணில் படும்.

தீவை விட்டுக் கிளம்பும் முன் வெளியேற்றச் சான்றை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அது இல்லாமல் அடுத்த தீவில் கேள்விகள் வரும். அதோடு பையில் மிச்சமிருக்கும் கிழக்குக் கரீபிய டாலரைக் கடைசி ஊரிலேயே பழமாகவோ பெட்ரோலாகவோ மாற்றிவிடுங்கள். மார்ட்டினிக் ரொட்டிக்கடையில் அதை யாரும் வாங்க மாட்டார்கள்.